காலையில் சிரப், மதியம் போன்: குழந்தையை டே கேருக்கு எப்போது அனுப்பக் கூடாது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. டே கேரில் சேர்த்து நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மூக்கு ஒழுகாத வாரமே இல்லை. போன திங்கட்கிழமை காலை உடம்பு கதகதவென்று இருந்தது. ஏழு மணிக்கு சிரப் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகி ஓடியாடினாள், அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது: "102 இருக்கிறது, உடனே வாருங்கள்." பொறுப்பாளர் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. எனக்கு அலுவலகத்தில் லீவும் தீர்ந்துகொண்டே வருகிறது. எதற்கெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை நாள்? பச்சையாகச் சளி வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாமா? இவளுக்கு எதிர்ப்பு சக்தியே குறைவோ என்று பயமாகவும் இருக்கிறது. (ஒரு வாசகி)

குழந்தைநல மருத்துவரின் பதில்:

திங்கட்கிழமையிலிருந்தே தொடங்குவோம். பாராசிட்டமால் சிரப் காய்ச்சலை இறக்கும். காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமியை அது ஒன்றும் செய்யாது. கொடுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் பலம் தீர்ந்துவிடும். ஏழு மணிக்குக் கொடுத்தால் எட்டரைக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டு கையசைப்பாள். பன்னிரண்டு மணிக்கு அனலாய்க் கொதிப்பாள். அந்த போன் கணக்கு தவறாமல் வந்த போன். நீங்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு இப்படி நாலு பிள்ளைகளைப் பார்க்கிற பொறுப்பாளருக்கு அது அப்படித் தெரிவதில்லை.

இதற்கு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: சிரப்புக்கு முன்னால் தெர்மாமீட்டர். மருந்து உள்ளே போன பிறகு பார்க்கும் அளவையோ, அதன் பிறகு வரும் சுறுசுறுப்பையோ வைத்து அனுப்பலாமா என்று முடிவு செய்யாதீர்கள். டே கேருக்குப் போவதற்காக ஒரு சிரப் தேவைப்படுகிறது என்றால், அன்றைக்கு அவள் போக வேண்டாம்.

நெற்றியில் கை வைத்தால் சூடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை அக்குளின் ஆழத்தில் தோலைத் தொடுகிற மாதிரி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு 'பீப்' சத்தம் வரும்வரை இருங்கள். குளித்த உடனேயும், போர்வைக்குள்ளிருந்து எழுந்த உடனேயும் பார்த்தால் அளவு தப்பாக வரும். இருபது நிமிடம் பொறுங்கள். காய்ச்சல் என்பது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். அக்குளில் பார்த்தால் உடம்பின் உள்சூட்டைவிட ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைவாகவே காட்டும். அதனால் அக்குளில் 99.5 காட்டினால் 'பரவாயில்லை' என்று விட்டுவிடாமல் அரை மணி கழித்து இன்னொரு முறை பாருங்கள். (மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 100.4 வந்தால், டே கேர் பேச்சே வேண்டாம். நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.)

"காய்ச்சல் விட்டு 24 மணி நேரம்" என்று எல்லா டே கேரும் எழுதி வைத்திருக்கும். அதை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் குழப்பம். கடைசி சிரப்பின் வேலை முடிந்த பிறகு, மருந்தில்லாமல் 24 மணி நேரம் என்று எண்ண வேண்டும். செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குக் கடைசி சிரப் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதன் விடிகாலை மூன்று மணி வரை அந்த மருந்து பேசும். புதன் காலை 98.4 என்றதும் பலரும் பையை மாட்டிவிடுவார்கள். தவறு நடப்பது இங்கேதான். உடம்புச் சூடு இயல்பாகவே விடியற்காலையில் மிகக் குறைவாகவும் பிற்பகலிலிருந்து மாலைக்குள் மிக அதிகமாகவும் இருக்கும். காலை அளவு எப்போதும் கொஞ்சம் ஏமாற்றும். புதன் மாலை ஐந்து, ஆறு மணிக்கு சிரப் இல்லாமல் 100.4-க்குக் கீழே இருந்து, வியாழன் காலையும் அப்படியே இருந்தால் வியாழன் அனுப்பலாம். புதன் மாலை 100.8 வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மருந்தின் துணையில்லாமல் ஒரு முழு மாலையைத் தாண்டாத குழந்தையை அனுப்பாதீர்கள்.

சிரப் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் அடிக்கடி தவறு நடக்கிறது. ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. உங்கள் மகளுக்கு 12 × 15 = 180 மி.கி. பாட்டிலில் '5 மி.லி.யில் 120 மி.கி.' என்றிருந்தால் 7.5 மி.லி. '5 மி.லி.யில் 250 மி.கி.' என்றிருந்தால் 3.6 மி.லி. மட்டுமே. ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டையில் இரண்டு வீரியத்திலும் பாட்டில் கிடைப்பதுண்டு. பழைய பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும்போது, பழைய 7.5 மி.லி. பழக்கத்திலேயே ஊற்றினால் 375 மி.கி. போய்விடும், இரண்டு மடங்கு. வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சில சளி மருந்துகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். காலையில் கொடுத்த சிரப்பைச் சொல்லாமல் அனுப்புவதில் உள்ள உண்மையான ஆபத்தும் இதுதான்: பத்து மணிக்கு உடம்பு சுடுகிறதே என்று அவர்கள் இன்னொரு வேளை கொடுத்துவிடலாம்.

இனி சளி. பச்சைச் சளி என்றால் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. சாதாரண வைரஸ் சளியே முதல் இரண்டு நாள் தண்ணீராக ஓடி, பிறகு கெட்டியாகி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறி, மறுபடி தெளிந்து நிற்கும். அந்தப் பச்சை, கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். நிறத்தைப் பார்த்து மருந்தும் வேண்டாம், லீவும் வேண்டாம். காய்ச்சலில்லாமல், ஓரளவு சாப்பிட்டு, விளையாடிக்கொண்டு இருந்தால் மூக்கொழுகலோடு அனுப்பலாம். சளி 7 முதல் 10 நாள் இருக்கும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். அது முழுதாகப் போகும்வரை வீட்டில் வைப்பதென்றால் யாராலும் வேலைக்குப் போக முடியாது. அதனால் பெரிய பலனும் இல்லை, ஏனென்றால் சளி வைரஸ் மூக்கு ஒழுக ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பரவத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் முதல் தும்மலைக் கேட்டபோதே அவள் அதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்து முடித்திருப்பாள்.

ஆனால் பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையாத சளி, நன்றாகத் தேறி வந்து திடீரென்று மறுபடி காய்ச்சலோடு மோசமாகும் சளி, 102-க்கு மேல் காய்ச்சலும் கெட்டிச் சளியும் மூன்று நாள் தொடர்ந்து இருப்பது ஆகிய மூன்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். சளிக்கென்று விற்கும் கலப்பு சிரப்புகளை நான்கு வயதுக்குள் நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றால் சளி நாட்கள் குறைவதில்லை. தூக்கமும் படபடப்பும்தான் மிச்சம். மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு போதும்.

இருமலில் கவனிக்க வேண்டியது மூச்சு. அவள் தூங்கும்போது, அல்லது அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது சின்னப் பிள்ளைகளிடம் தப்பாகிவிடும், மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு. விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், கிளம்புங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு விஷயத்தில் நான் கறார். சளிபோல் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு குழந்தையின் டயப்பர் ஒரு அறையையே படுக்க வைத்துவிடும். 24 மணி நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, அல்லது அவளுக்கு வழக்கமானதைவிட இரண்டு முறை கூடுதலாகத் தண்ணீராய்ப் போவது, அல்லது டயப்பரை மீறி வழிவது: இதில் எது நடந்தாலும் வீடுதான். கடைசி வாந்தியோ கடைசித் தண்ணீர்ப் போக்கோ நின்று 48 மணி நேரம் பொறுங்கள். சில டே கேர்கள் 24 போதும் என்று சொல்லும். என்னைக் கேட்டால் 48. மலத்தில் ரத்தம் கண்டால் நாள் கணக்கை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் குடலை அது ஆபத்தான அளவுக்கு முடக்கிவிடும்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் செய்ய வேண்டியது ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் மொத்தமாகக் கலக்குங்கள். 'கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம்' என்று ஒரு டம்ளருக்குக் கால் பாக்கெட் கொட்டினால் உப்பு எந்தப் பக்கம் கூடும், குறையும் என்று சொல்ல முடியாது. உப்பு கூடிப்போனால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம். வாந்தி எடுத்தவுடன் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 5 மி.லி. வீதம் ஊட்டுங்கள். தாகத்தில் டம்ளரைப் பிடுங்கி மடக்கென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். ஒவ்வொரு தண்ணீர்ப் போக்குக்கும் பிறகு இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கலந்ததில் மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். வாந்தி, பேதியைப் பரப்பும் வைரஸ்களில் சில, கையில் தடவும் சானிடைசருக்குச் சரியாகக் கட்டுப்படாது. டயப்பர் மாற்றிய கைக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். போக்கு நின்ற பிறகும் மலத்தில் கிருமி பல நாள் வரும் என்பதால், இந்தக் கை கழுவலைப் பிள்ளை தேறியதும் விட்டுவிடாதீர்கள்.

தடிப்பு, கொப்புளம் என்றால் முதலில் பெயர் தெரிய வேண்டும். கை-கால்-வாய் நோயைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி எச்சில் வடியாமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் புள்ளிகள் இருந்தாலும் அனுப்பலாம். கிருமி மலத்தில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும், அத்தனை நாளும் பூட்டி வைக்க முடியாது. மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது விட்ட அன்றே உடம்பெல்லாம் சிவந்த புள்ளி வருகிறதா? ரோசியோலா என்னும் வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். அதில் புள்ளி வருவது தேறிவிட்டதற்கான அறிகுறி. மருத்துவர் அதுதான் என்று உறுதி செய்துவிட்டால் மறுநாளே போகலாம்.

சின்னம்மை வேறு கதை. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும், ஒன்று ஈரமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். முதல் கொப்புளம் தெரிந்ததுமே டே கேருக்குச் சொல்லிவிடுங்கள். அங்கே கர்ப்பிணி ஊழியரோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தையோ இருந்தால் அவர்களுக்கு இந்தத் தகவல் அவசரம். தட்டம்மைக்குத் தடிப்பு தொடங்கி நான்கு நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள். கக்குவான் இருமலுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாள், மருந்து எடுக்காவிட்டால் இருமல் தொடங்கியதிலிருந்து மூன்று வாரம். பாக்டீரியா தொண்டை வலிக்கும் சீழ்ச் சிரங்குக்கும் ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கழிந்தால் போதும். சிரங்கை மூடிக் கட்டி அனுப்புங்கள். சொறிக்கு முதல் முறை மருந்து பூசி முடித்த மறுநாள் போகலாம், ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் அது வட்டமடித்துத் திரும்ப வரும்.

பேன் இருக்கிறது என்று நடுப்பகலில் கூப்பிட்டனுப்புவது தேவையில்லாத வேலை. மாலையில் வந்ததும் மருந்து போட்டு மறுநாள் அனுப்பலாம். காது வலி தொற்றாது, வலி தாங்கக்கூடியதாக இருந்தால் போகலாம். மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண் தொற்று பெரும்பாலும் வைரஸ்தான், சொட்டு மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் தானே போகும். மருத்துவக் கணக்கில் இதற்குக் கட்டாய லீவு கிடையாது. ஆனாலும் பல டே கேர்கள் ஒப்புக்கொள்ளாது. அந்த வழக்கில் நீங்கள் ஜெயிப்பது கஷ்டம்.

பெயரே தெரியாத நோயாக இருந்தால்? அன்றைய தினத்தை அவள் அங்கே எப்படிக் கழிப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டு, விளையாடி, தூங்கி எழுவாளா, அல்லது ஒரு ஆயாவின் மடியிலேயே நாள் முழுக்கக் கிடப்பாளா? மடியிலேயே கிடக்கும் குழந்தைக்கு 98.6 இருந்தாலும் அவள் வீட்டில் இருக்க வேண்டியவள். மீதி ஏழெட்டுப் பிள்ளைகளை அந்த ஆயா யாரிடம் விடுவார்?

எதிர்ப்பு சக்தி குறைவா என்ற பயத்துக்கு வருவோம். கூட்டத்தில் புதிதாகச் சேரும் குழந்தைக்கு முதல் வருடத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு சளி வருவது இயல்பு. ஒவ்வொன்றும் பத்து நாள் என்றால் வருடத்தில் 80 முதல் 120 நாள் மூக்கு ஒழுகும், அதுவும் மழையும் குளிருமான மாதங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்குவதால் ஒரே சளி நான்கு மாதமாக விடாததுபோல் தோன்றுகிறது. நடுநடுவே ஓரிரு நாளாவது மூக்கு காய்ந்திருந்ததா என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள்; அனேகமாக இருந்திருக்கும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் டானிக்குகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வயதுக்குரிய தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் அவற்றைப் போட்டு முடியுங்கள். எடை கூடாமல் நிற்பது, ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், திரும்பத் திரும்ப வரும் ஆழமான கட்டி: இவற்றில் ஏதாவது இருந்தால்தான் சோதனை பற்றிப் பேச வேண்டும்.

லீவு பார்க்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை: எழுப்பினால் முழுதாக விழிக்காத மயக்கம், வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, பச்சை நிறப் பித்த வாந்தி, கழுத்து விறைப்பு, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் காட்டிவிடுங்கள்.

அலுவலகக் கவலைக்கு என்னிடம் மருந்து இல்லை, ஆனால் சில ஏற்பாடுகள் உதவும். முடிவைக் காலை ஏழு மணிக்கு எடுக்காதீர்கள். முந்தின இரவு ஒன்பது மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, நாளை யார் இருப்பது என்று அப்போதே பேசி வையுங்கள். ஒருவர் முழுநாள் லீவு போடுவதைவிட, நீங்கள் காலையும் உங்கள் கணவர் பிற்பகலும் என்று பிரித்துக்கொண்டால் இருவர் கணக்கிலும் அரை நாள்தான் போகும். டே கேர் படிவத்தில் முதல் எண் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் அம்மாவுடையதுதான் இருக்கும், அப்பாவின் எண்ணுக்கு யாரும் கூப்பிடவே மாட்டார்கள். ஒரு மாதத்துக்கு அதை மாற்றி எழுதிக் கொடுங்கள்.

பொறுப்பாளரிடம் காய்ச்சல், வாந்தி, பேதிக்கான விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் விதி நான் சொன்னதைவிடக் கடுமையாக இருந்தால் அதன்படிதான் நடக்க வேண்டும். திங்கட்கிழமை நடந்ததற்கு நீளமான விளக்கம் தேவையில்லை. "சிரப் கொடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும், இனி எழுதி அனுப்புகிறேன்" என்றால் போதும். பிறகு, உடம்பு சரியில்லாமல் இருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பையின் முன்ஜிப்பில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள், இப்படி:

"நேற்று மாலை 6 மணி: 98.9. இன்று காலை 6.30: 98.2. கடைசி சிரப் செவ்வாய் இரவு 9 மணி, 7.5 மி.லி. (5 மி.லி.யில் 120 மி.கி.). இன்று எந்த மருந்தும் கொடுக்கவில்லை. இரவில் இரண்டு முறை இருமினாள். காலையில் பாதிதான் சாப்பிட்டாள். 100.4 வந்தால் சிரப் கொடுக்காமல் முதலில் அப்பாவுக்கு போன் செய்யவும்."